பால் ஊற்றாத அறுபது நாளுக்கும் கணக்கு வேண்டும்!

(செஞ்சியில் நடந்த பால் உற்பத்தியாளர் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டவும். மாட்டுக்கொட்டகையில் வேலை செய்யும் பெண்களுக்குக் கட்டாயம் வாசித்துக் காட்டவும்.)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! சாணி வாரிய கையைக் கழுவிவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! தம்பிமார்களே!

சாயங்காலக் கறவைக்கு நேரமாகுது. பால் வண்டி நமக்காக நிற்காது. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் ராஜகிரி மலை தெரியுது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நம்ம செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. நமக்கும் பெருமைதான். அந்தக் கோட்டையை முகலாயர் படை 1690-ல் முற்றுகை போட்டது. 1698-ல்தான் பிடிக்க முடிந்தது. ஏழு வருஷத்துக்கு மேலே ஒரு கோட்டை தாக்குப்பிடித்தது என்றால் சும்மா இல்லை. சுவர் மட்டும் இருந்தால் போதுமா? சோறு வேண்டாமா? கோட்டைக்குள்ளே இருக்கிற களஞ்சியத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எதிரி வாசலில் வந்து நின்ற பிறகு நெல் தேடி ஓடினால் கோட்டை நிற்காது. முன்னாடியே நிரப்பி வைத்திருக்கணும்.

கன்று போடுகிற நாள் நம்ம மாட்டுக்கு ஒரு முற்றுகை மாதிரிங்க. அன்றைக்குத் தீவனம் தேடினால் பயன் இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னாடியே களஞ்சியம் நிரம்பியிருக்கணும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பால் கொடுக்கிற மாட்டுக்குத் தவிடு, பால் வற்றிய மாட்டுக்கு வெறும் வைக்கோல். ஏன் அப்படிச் செய்கிறோம், யார் நம்மை அப்படிச் செய்ய வைக்கிறார்கள், இந்த இரண்டையும் பேசத்தான் வந்திருக்கிறேன்.

என் வீட்டில் நடந்தது

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஊர்க் கதையைப் பேசலாம்.

சில வருஷத்துக்கு முன்னே என்னிடம் ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு இருந்தது. நாலாம் ஈத்து. முந்தின ஈத்தில் வேளைக்கு ஆறு லிட்டர் குறையாமல் கறந்த மாடு. என் பெரிய பெண்ணின் படிப்புச் செலவு அந்த மாட்டின் மடியில்தான் ஓடியது. ஏழு மாதச் சினையில் கறவையை நிறுத்தினேன். கறவை நின்றதும் பால் பணம் நின்றது. பால் பணம் நின்றதும் தீவன மூட்டையும் நின்றது. பாலுக்குக் கழித்துக்கொண்டுதானே தீவனம் கொடுப்பார்கள்? பால் இல்லாதவனுக்கு எதில் கழிப்பது? இரண்டு மாதம் வைக்கோலும் கழனித் தண்ணியும்தான். மாடு நாளாக நாளாக ஒடுங்கியது. கடைசி வாரம் எனக்கே பயம் வந்து, கடையில் போய் இரண்டு பாட்டில் கால்சியம் டானிக் வாங்கிவந்து ஊற்றினேன். நல்லதுதான் செய்கிறோம் என்ற நினைப்பு.

சாயங்காலம் கன்று போட்டது. கிடேரிக் கன்று. வீடே சந்தோஷப்பட்டது. ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டுக்காரி ஓடிவந்து, "ஏங்க, மாடு எழுந்திருக்க மாட்டேங்குது, காதைத் தொட்டா சில்லுன்னு இருக்குது"ன்னு சொன்னாள். போய்ப் பார்த்தால் கழுத்தை மடக்கி விலாவிலே சாய்த்துப் படுத்திருக்குது. பக்கத்து வீட்டுக்காரர், "அண்ணே, சளி புடிச்சிருக்கும், சுக்குக் கஷாயம் ஊத்துங்க"ன்னார். வாயைத் திறந்து மூங்கில் குழாயில் ஊற்றினோம். டாக்டருக்குப் போன் போட்டோம், கிடைக்கவில்லை. வண்டி வைத்துப் போய்த் தேடினோம், கிடைக்கவில்லை. விடிகிறதற்குள் மாடு போய்விட்டது. தாயில்லாத கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு என் பெண் அழுதது இன்னும் என் காதில் இருக்குது.

பிறகு ஒரு கால்நடை மருத்துவர் எனக்குப் புரிய வைத்தார். "உங்க மாட்டுக்கு வந்தது பால் காய்ச்சல். நேரத்துக்கு ரத்தத்தில் கால்சியம் ஏற்றியிருந்தால் பெரும்பாலும் எழுந்து நின்றிருக்கும். விழுங்க முடியாமல் கிடந்த மாட்டுக்குக் கஷாயம் ஊற்றினீர்கள், அது நுரையீரலுக்குப் போயிருக்கும்" என்றார். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, பாதித் தப்பு என்னுடையது. மீதிப் பாதி? அதைக் கேட்கத்தான் இந்தக் கூட்டம்.

உள்ளே என்ன நடக்குது?

மாட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். ஒன்பது மாதம் பத்து நாள் என்று நம்ம பெரியவர்கள் சொல்வதும் அதுதான். வயிற்றில் இருக்கிற கன்று முதல் ஆறு, ஏழு மாதம் மெதுவாகத்தான் வளரும். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு கடைசி இரண்டு, மூன்று மாதத்தில்தான் ஏறுது. நாம் சரியாக அந்த நேரத்தில்தான் தீவனத்தை நிறுத்துகிறோம்! அதே நேரத்தில் மடியும் அடுத்த ஈத்துக்குத் தன்னைப் புதுப்பிக்குது. அதற்குத்தான் அறுபது நாள் ஓய்வு.

கன்று போட மூன்று வாரம் இருக்கும்போது இன்னொரு சிக்கல். கன்று வயிற்றை அடைத்துக்கொள்ளும். உடம்பும் மாறுது. மாடு தின்பது குறையும். கடைசி நாட்களில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் கூடக் குறையலாம். தேவை ஏறுது, தீனி இறங்குது. இந்த இடைவெளியில்தான் எல்லா நோயும் நுழையுது.

பால் காய்ச்சல் எப்படி வருது? பேர்தான் காய்ச்சல், உடம்பு சில்லென்று இருக்கும். பத்து லிட்டர் சீம்பாலில் ஏறக்குறைய 23 கிராம் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, வெளியே போகுது. மாட்டின் ரத்தத்தில் ஒரு நேரத்தில் ஓடுவது சுமார் 3 கிராம்தான். மீதி எங்கிருந்து வரணும்? எலும்பிலிருந்து கரைந்து வரணும், தீனியிலிருந்து குடல் இழுக்கணும். அந்த வேலை சூடு பிடிக்க இரண்டு, மூன்று நாள் ஆகும். அதற்குள் ரத்தத்தில் இருப்பு தீர்ந்தால் மாடு விழுந்துவிடும். அதனால்தான் கன்று போட்ட மூன்று நாளுக்குள் இது வருது. நிறையக் கறக்கிற மாட்டுக்கு, மூணாம் ஈத்துக்கு மேலே போன மாட்டுக்கு, ஜெர்சிக் கலப்புக்கு அதிகம் வருது.

இதிலே ஒரு விசித்திரம் கேளுங்கள். கன்று போடுவதற்கு முன்னே கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால் நோய் குறையாது, கூடும். ஏன்? தீனியிலேயே தாராளமாக வரும்போது எலும்பிலிருந்து எடுக்கிற வேலையை உடம்பு மறந்து தூங்கிவிடும். கன்று போட்ட அன்றைக்குத் திடீரென்று எழுப்பினால் எழாது. வருஷம் பூராவும் திறக்காத மதகு, வெள்ளம் வருகிற அன்றைக்குத் திறக்குமா? நான் டானிக் ஊற்றிய கதை இதுதான்.

தீவனம் கொடுப்பது எப்படி?

காசு இருப்பவன் கணக்கு வேறே. ஒன்று, இரண்டு மாடு வைத்திருக்கிற நம்ம கணக்கைச் சொல்கிறேன். 350 கிலோ எடையுள்ள ஒரு கலப்பின மாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை, சினை ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தேதி தெரியாதவனுக்கு ஒரு கணக்கும் வராது.

முதல் கட்டம், கறவை நிறுத்தியதிலிருந்து கன்று போட மூன்று வாரம் இருக்கும் வரை: பசுந்தீவனம் 15 முதல் 20 கிலோ. வைக்கோல் 4, 5 கிலோ. அடர்தீவனம் ஒன்றரை முதல் 2 கிலோ. தாது உப்புக் கலவை நாளைக்கு 50 கிராம். மாடு ஒடுங்கியிருந்தால் 2 கிலோ கொடுங்கள். ஏற்கெனவே கொழுத்த மாடாக இருந்தால் குறையுங்கள். கொழுத்த மாடு கன்று போட்டதும் தின்ன மறுக்கும், உடம்புக் கொழுப்பு கரையும், கீட்டோசிஸ் என்கிற நோய் வரும். மெலியவும் கூடாது, கொழுக்கவும் கூடாது.

இரண்டாம் கட்டம், கன்று போட மூன்று வாரம் முன்பு: கால்சியம் டானிக் நிறுத்தம். சுண்ணாம்புத் தண்ணி நிறுத்தம். அகத்தி, வேலிமசால், மல்லாட்டைக் கொடி இவை எல்லாம் நல்ல தீவனம்தான். நம்ம செஞ்சிப் பக்கம் மல்லாட்டைக் கொடிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் இவற்றில் சுண்ணாம்புச் சத்து அதிகம். இந்த மூன்று வாரம் மட்டும் கொஞ்சமாகப் போடுங்கள். அதற்குப் பதில் சோளத்தட்டு, கம்பு நேப்பியர், வைக்கோல் போடுங்கள். கன்று போட்ட பிறகு கொடியைத் தாராளமாகப் போடலாம். அடர்தீவனத்தை இந்த மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கன்று போடுகிற நேரத்தில் 3 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். கன்று போட்ட பிறகு எந்தத் தீவனம் கொடுக்கப் போகிறீர்களோ அதையே இப்போது பழக்குங்கள். மாட்டின் பெரிய வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் தீனியைச் செரிக்க வைக்கின்றன. புதுத் தீனிக்கு அவை பழக இரண்டு, மூன்று வாரம் வேணும். மடி அதிகமாக வீங்கினால் உப்பைக் குறையுங்கள்.

மூன்றாம் கட்டம், கன்று போடும் நாள்: முதலில் தண்ணீர். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து, குடிக்கிற மட்டும் வையுங்கள். ஈன்ற மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூடாது என்று சொல்வது தப்பு. கன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். நஞ்சுக்கொடி விழுகிற வரைக்கும் கன்றை ஊட்ட விடாமல் கட்டி வைக்கிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கன்று ஊட்டினால்தான் கொடி சீக்கிரம் விழும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் சீம்பாலாவது போகணும். கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் இருக்குது. கொடி விழுந்ததும் வைக்கோலில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுங்கள், அது நம்ம வழக்கம். ஆனால் 12 மணி நேரம் ஆகியும் விழவில்லை என்றால் இழுக்காதீர்கள், கல்லைக் கட்டித் தொங்கவிடாதீர்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கால்சியம் கொடுப்பது இப்போதுதான். மாடு நின்றுகொண்டு, தானாக விழுங்குகிற நிலையில் இருந்தால், மருத்துவர் சொன்ன அளவில் கன்று போட்ட அன்றிலிருந்து வாய் வழியாகக் கொடுக்கலாம். விழுந்த மாட்டுக்கு ஒரு சொட்டுக்கூட வாயில் ஊற்றாதீர்கள். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி வைத்து, இரண்டு பக்கமும் வைக்கோல் கட்டு முட்டுக்கொடுத்து, 1962 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். நரம்பில் கால்சியம் ஏற்றுவது மருத்துவர் வேலை. வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். தெரிந்தவர், தெரியாதவர் கையில் ஊசியைக் கொடுக்காதீர்கள்.

நான்காம் கட்டம், கன்று போட்ட பின் மூன்று வாரம்: பால் ஏறுகிற வேகத்துக்குத் தீனி ஏறாது. அதனால் அடர்தீவனத்தை ஒரே நாளில் கொட்டாதீர்கள். இரண்டு நாளுக்கு அரை கிலோ வீதம் ஏற்றுங்கள். உடம்பைக் காக்க ஒன்றரை கிலோ, அதற்கு மேலே இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று கணக்கு. நாளைக்கு 10 லிட்டர் கறக்கிற மாட்டுக்கு ஐந்தரை கிலோ. அதை இரண்டு, மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும். மாடு வைக்கோலைத் தின்றுகொண்டு தவிட்டை மட்டும் ஒதுக்கினால், மூச்சில் பழவாடை மாதிரி வந்தால், அது கீட்டோசிஸ். உடனே வைத்தியம் பாருங்கள்.

இன்னொன்று. ரேஷன் அரிசியை ஆக்கிக் கஞ்சியாக, சோறாக மாட்டுக்கு வைக்கிற பழக்கம் நம்ம பக்கம் அதிகம். "கன்னு போட்ட உடம்பு, நல்லா தின்னட்டும்"ன்னு ஒரு அண்டா நிறைய வைக்கிறோம். அது வயிற்றில் புளித்து அமிலமாகி மாட்டையே சாய்த்துவிடும். கல்யாண வீட்டு மீதியும் அப்படித்தான். பாசம் வேறே, தீனிக் கணக்கு வேறே.

கடைத் தீவனம் வாங்க முடியாதவர்கள் வீட்டிலேயே கலக்கலாம். 100 கிலோவுக்கு: மக்காச்சோளம் அல்லது கம்பு 35 கிலோ, மல்லாட்டைப் புண்ணாக்கு அல்லது வேறு புண்ணாக்கு 27 கிலோ, தவிடு 35 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சாப்பாட்டு உப்பு 1 கிலோ. பூசணம் பிடித்த புண்ணாக்கைச் சேர்க்காதீர்கள், அதில் இருக்கிற நஞ்சு ஈரலைக் கெடுக்கும், பாலிலும் இறங்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது நம்ம மாவட்டத்தில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நனைந்த வைக்கோல் போர் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித் தரவேண்டாம். கறுத்த வைக்கோல் எருக்குழிக்குப் போகட்டும், சினை மாட்டுக்குப் போடாதீர்கள்.

இதில் நமக்கு என்ன லாபம்?

"இவ்வளவு கொட்டினால் கட்டுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வற்றிய அறுபது நாளுக்கு, நாள் 2 கிலோ வீதம் 120 கிலோ அடர்தீவனம். 50 கிலோ மூட்டையில் இரண்டரை மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. கடைசி வாரங்களில் ஏற்றுவதையும் சேர்த்தால் மூன்று மூட்டைக்குள் முடியும். தாது உப்பு 50 கிராம் வீதம் 3 கிலோ.

வரவு என்ன? உச்சக் கறவையில் நாளைக்கு ஒரு லிட்டர் கூடினால், அந்த ஈத்து முழுக்க ஏறக்குறைய 200 லிட்டர் கூடும் என்பது பால் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. இரண்டு லிட்டர் கூடினால் 400 லிட்டர். லிட்டருக்கு 35 ரூபாய் என்று வைத்தாலே 14,000 ரூபாய்! அதோடு, தேறிய மாடுதான் நேரத்துக்குப் பருவத்துக்கு வரும். ஒரு பருவம் தவறினால் 21 நாள் போச்சு. கன்று போட்டு மூன்று மாதத்துக்குள் சினை பிடித்தால்தான் வருஷத்துக்கு ஒரு கன்று. இன்னும் ஒன்று: தீனி குறைந்தால் பாலில் எஸ்.என்.எப். குறையும். எஸ்.என்.எப். குறைந்தால் விலை குறையும். "உங்க பால் தண்ணிப் பால்"ன்னு நம்மையே திருடனாக்குவார்கள். மாட்டின் பசியைப் பார்த்து நம்மைத் திருடன் என்பது என்ன நியாயம்?

மீதிப் பாதித் தப்பு யாருடையது?

இதுவரை நாம் செய்யவேண்டியதைச் சொன்னேன். இனி நமக்குச் செய்யவேண்டியவர்களைப் பற்றி.

பால் விலை எப்போது ஏறியது? 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 32 ரூபாயிலிருந்து 35 ரூபாய் ஆனது. கட்டவில்லை என்று 2023 மார்ச்சில் பால் உற்பத்தியாளர்கள் பாலை நிறுத்திப் போராடினார்கள். 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. கேட்காமல் எதுவும் வரவில்லை. ஆனால் இந்த விலைக் கணக்கு எந்த நாளிலிருந்து ஆரம்பிக்குது? பால் கேனில் விழுகிற நாளிலிருந்து. மாடு வருஷத்துக்கு 365 நாளும் தின்னுது. அதில் அறுபது நாள் ஒரு சொட்டும் கொடுக்காது. அந்த அறுபது நாள் தீனியும் பாலின் செலவுதானே? செங்கல் சூளைக்காரன் சூளை ஆறுகிற நாளுக்கும் சேர்த்துத்தான் கல்லுக்கு விலை வைக்கிறான். பஸ்காரன் பணிமனையில் நிற்கிற நாளையும் கணக்கில் சேர்க்கிறான். மாட்டுக்காரனுக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு கிடையாது?

குஜராத்தில் கைரா மாவட்டத்து விவசாயிகள் 1946-ல் பதினைந்து நாள் பாலை விற்காமல் நிறுத்திப் போராடினார்கள். வியாபாரிக்குக் கொடுக்கமாட்டோம், எங்கள் கூட்டுறவு மூலம்தான் கொடுப்போம் என்றார்கள். அந்தப் போராட்டத்தில் பிறந்ததுதான் இன்றைக்கு உலகம் அறிந்த அமுல். அதில் நமக்கு முக்கியமான சங்கதி அடுத்து வருது. 1964 அக்டோபர் 31-ஆம் தேதி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அங்கே போனார். எதைத் திறக்கப் போனார் தெரியுமா? கஞ்சரி என்ற ஊரில் மாட்டுத் தீவனத் தொழிற்சாலையை! முந்தின ராத்திரி அஜார்புரா கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் தங்கி, ஜனங்களோடு பேசி, இந்தச் சங்கம் எப்படி நடக்குது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான் 1965-ல் தேசியப் பால்வள வாரியம் வந்தது, 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் வந்தது. பாலை வாங்குவது மட்டும் சங்கத்தின் வேலை இல்லை, மாட்டின் வாய்க்குத் தீனி சேர்ப்பதும் அதன் வேலைதான் என்று அறுபது வருஷத்துக்கு முன்பே அவர்கள் புரிந்துகொண்டார்கள். நாம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

நமது கோரிக்கைகள்

1. பால் சொசைட்டியில் பால் ஊற்றும் ஒவ்வொருவருக்கும், மாடு வற்றும் இரண்டு மாதத்துக்கும் மூன்று மூட்டைத் தீவனம் கடனாகக் கொடு! கன்று போட்ட பிறகு பால் பணத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்!

2. ஏழு மாதச் சினை மாடு ஒவ்வொன்றுக்கும் 3 கிலோ தாது உப்புக் கலவை இலவசமாகக் கொடு!

3. கன்று போடுகிற மாடு அலுவலக நேரம் பார்த்துப் போடாது. இரவிலும் கால்நடை மருத்துவம் கிடைக்க ஏற்பாடு செய்! எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் கால்சியம் மருந்து இருப்பில் வை!

4. வற்றிய நாட்களின் செலவையும் சேர்த்து 365 நாள் கணக்கில் பால் விலையை நிர்ணயம் செய்! தீவன விலை ஏறும்போது பால் விலையையும் ஏற்று!

5. பால் ஊற்றிய இடத்திலேயே, உற்பத்தியாளர் கண்முன் பேட், எஸ்.என்.எப். பார்த்து, ரசீதைக் கையில் கொடு!

6. கிசான் கிரெடிட் கார்டு 2018-19 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் உண்டு என்று அரசாங்கமே சொல்லுது. நிலம் இல்லாமல் மாடு மட்டும் வைத்திருக்கும் பெண்களையும் அலைக்கழிக்காமல் கார்டு கொடு!

7. ஊர் மேய்க்கால் புறம்போக்கு ஆக்கிரமிப்பை அகற்றி, அங்கே தீவனப்புல் வளர்க்க மகளிர் குழுக்களுக்கு அனுமதி கொடு!

இதில் எது நடக்க முடியாதது? எது பேராசை? ஒரு மாட்டுக்கு 3 கிலோ தாது உப்பும், மூன்று மூட்டைத் தீவனக் கடனும், ராத்திரியில் ஒரு டாக்டரும்! இவ்வளவுதான்.

நாம் எடுக்கும் உறுதி

கேட்கிறவன் கை சுத்தமாக இருக்கணும். அதனால் நாமும் ஐந்து உறுதி எடுப்போம். சினை ஊசித் தேதியைக் காலண்டரில் எழுதுவோம். ஏழு மாதத்தில் கறவையை நிறுத்துவோம், எட்டாம் மாதத்திலும் காப்படிப் பாலுக்கு ஆசைப்பட்டுக் கன்றின் பங்கைக் கறக்கமாட்டோம். விழுந்த மாட்டின் வாயில் எதையும் ஊற்றமாட்டோம். பிறந்த கன்றுக்கு ஒரு மணி நேரத்தில் சீம்பால் கொடுப்போம். வீட்டில் எத்தனை சென்ட் நிலம் இருந்தாலும், கிணற்றடியில், வரப்பில், வாய்க்கால் ஓரத்தில் கோ 4, கோ 5 கம்பு நேப்பியர்க் கரணை நாலு நடுவோம்.

தாய்மார்களே, கடைசியாக ஒன்று. நம்ம ஊரில் பெண் பிள்ளைத்தாச்சியாக இருந்தால் வளையல் போட்டு, ஐந்து வகைச் சோறு கட்டி, ஊரே கூடி ஊட்டுகிறோம். "ரெண்டு உயிருக்குத் தின்னும்மா"ன்னு சொல்கிறோம். அதே வீட்டுக் கொட்டகையில் நிறைமாதச் சினையோடு ஒரு வாயில்லாத ஜீவன் வெறும் வைக்கோலை மென்றுகொண்டு நிற்குது. அதுவும் ரெண்டு உயிருக்குத்தான் தின்னுது. அதற்கு ஊட்ட நமக்கு மனசு இருக்குது, கையில் காசு இல்லை. காசு இல்லாமல் போனதற்குக் காரணமானவர்களைக் கேட்போம்.

அடுத்து சொசைட்டி முன்னால் நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்கு ஆண்கள் மட்டும் வந்தால் போதாது. கறக்கிறவர்கள் வரணும். காலிக் கேனோடு வரணும்.

என் மாடு செத்த ராத்திரி நான் தனியாக நின்றேன். இனி இந்தத் தாலுக்காவில் எந்த விவசாயியும் அப்படித் தனியாக நிற்கக்கூடாது. அதற்குத்தான் சங்கம்.

கறவைக்குப் போங்கள். மாடு காத்துக்கொண்டிருக்கும்.

வற்றிய மாட்டுக்கும் தீவனம் கொடு!
பாலுக்கு 365 நாள் கணக்குப் போடு!
இரவிலும் கால்நடை மருத்துவம் கொடு!
உழவர் ஒற்றுமை ஓங்குக!